யந்திரத்தின் ஆயுள்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாறு கடலை நாடிச் செல்லும் பக்கமாக, வயலும் சேனையும் மேய்ச்சல் தரையுமாய் விரிந்து கிடக்கிறது ஈச்சிலம்பற்று. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியாகிய இவ்வூருக்கு நகரிலிருந்து வந்து சேர்வது முன்னாளில் எளிய காரியமாக இருக்கவில்லை. துறைக்குத் துறை இறங்கி நின்று, அக்கரையிலிருந்து பாதை மிதந்து வரும்வரை காத்திருந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மட்டக்களப்பு வீதியின் மற்றைத் துறைகளுக்கும் பாலங்கள் அமைந்தன. பாலங்கள் வந்தபின் இவ்வீதியில் மோட்டார் சைக்கிளே அரசு செலுத்துகிறது. விதைநெல் மூட்டையும் மீன்பெட்டியும் பால்கானும் அதிலேதான் போகின்றன. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு செல்பவரும், மணியடிக்குமுன் பள்ளிக்கூடம் சேரவேண்டிய ஆசிரியரும் அதனையே நம்பியிருக்கின்றனர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு, இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியிலேதான் அந்தக் கதவு முறையாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டி வாங்குவது என்பது கனவாயிற்று. 2022இல் பெற்றோலுக்கும் மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றார்கள். அப்படியிருந்தும் பழைய வண்டிகள் ஓடின. அவற்றை ஓடச் செய்தவர்கள் பெரிய தொழிலகங்களின் பொறியியலாளர்கள் அல்லர். தகரக் கூரையின் கீழும் மரநிழலிலும் ஒயில் படிந்த கையோடு குந்தியிருக்கும் கராஜ்காரர்களே.

ஒரு யந்திரத்தின் ஆயுள் எதனைப் பொறுத்தது? அதைச் செய்த நிறுவனத்தின் செல்வத்தைப் பொறுத்ததா? அதன் நுட்பச் சிறப்பைப் பொறுத்ததா? அன்றி, அதைத் திறந்து பார்த்துப் பழுது தீர்க்கும் கைகளைப் பொறுத்ததா? இவ்வினாவை எழுப்புவோர்க்கு ஒரு ஜேர்மானியத் தொழிலகத்தின் வரலாறு நல்ல பாடமாகும். மோட்டார் சைக்கிளும் காரும் செய்த அந்நிறுவனத்தின் பெயர் சுண்டாப். அது பிறந்தது பவேரியாவின் நூரெம்பேர்க் நகரில். அதன் கதையின் இறுதி அத்தியாயங்களுள் ஒன்று, தமிழ்நாட்டில் பாலாற்றங்கரையிலுள்ள இராணிப்பேட்டையில் நடந்தது.

தீமூட்டியிற் பிறந்த தொழில்

1917ஆம் ஆண்டு. முதல் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். பிரிட்ஸ் நொய்மையர் என்னும் தொழிலதிபர், பீரங்கிகளுக்குப் பேர்போன குருப் நிறுவனத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, நூரெம்பேர்க்கில் ஒரு தொழிலகத்தைத் தொடங்கினார். பீரங்கிக் குண்டு வெடிப்பதற்கு வேண்டிய தீமூட்டிகளைச் செய்வதே அதன் வேலை. தீமூட்டி, கருவியாக்கம் என்னும் பொருளுடைய ஜேர்மன் சொற்களின் முதற்பகுதிகளைச் சேர்த்ததனாற் பிறந்ததுதான் சுண்டாப் என்னும் பெயர்.

மறு ஆண்டில் யுத்தம் முடிந்தது. தீமூட்டிகள் யாருக்கும் வேண்டாத பொருளாயின. கட்டடம் இருந்தது, கடைசல் யந்திரங்கள் இருந்தன, தேர்ந்த தொழிலாளர் இருந்தனர், செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. 1919இல் நொய்மையர் தொழிலகம் முழுவதையும் தம் உடைமையாக்கிக்கொண்டு, மக்களுக்கு வேண்டிய பொருள் யாது என்று தேடலானார். தோற்ற நாட்டில் கார் வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. வேலைக்குப் போகவும் சந்தைக்குப் போகவும் மலிவான வாகனம் ஒன்றைப் பலரும் விரும்பினர். 1921இல் சுண்டாப்பின் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. ‘எல்லோர்க்கும் ஒரு மோட்டார் சைக்கிள்’ என்பதே அதன் விளம்பரம்.

இங்கே ஒரு செய்தியை வாசகர் மனங்கொள்ள வேண்டும். அந்த முதல் வண்டியின் எஞ்சின் ஜேர்மானியரின் சொந்தக் கற்பனையன்று. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்து லீவிஸ் என்னும் வண்டியின் 211 சி.சி. ஈரடிப்பு எஞ்சினைத் தழுவியது அது. இரவலில் தொடங்கிய தொழில் பின்னர் தன் சொந்தக் காலில் நின்றது.

ஈரடிப்பு எஞ்சின் என்றால் என்ன என்பதை மாணவர் சிலர் அறிய விரும்பலாம். பாடநூலில் முசலம் என்றும் கராஜில் பிஸ்டன் என்றும் சொல்லப்படும் உறுப்பு, சிலிண்டருக்குள் மேலுங்கீழுமாக ஓடுகிறது. நாலடிப்பு எஞ்சினில் அது நான்குமுறை ஓடினால் ஒருமுறை வெடிப்பு நிகழும். ஈரடிப்பு எஞ்சினில் இரண்டு ஓட்டத்துக்கு ஒரு வெடிப்பு. காற்றும் பெற்றோலும் வந்துபோவதற்குத் தனி வாயில்களைத் திறந்து மூடும் வால்வுகள் அதற்கு வேண்டியதில்லை. சிலிண்டரின் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மறைத்தும் திறந்தும் அவ்வேலையைச் செய்துவிடும். ஒயிலைப் பெற்றோலுடனேயே கலந்து ஊற்றலாம். உறுப்புக்கள் குறைவு, ஆகவே விலையும் குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது. நீலப் புகையும் மிகுதியான பெற்றோற் செலவும் அதன் குறைகள். ஏழையின் வாகனத்துக்கு ஏற்ற எஞ்சின் என்று நொய்மையர் கண்டதில் வியப்பில்லை.

உயர்வும் ஒரு கார்க்கனவும்

இருபதுகளில் சுண்டாப் வளர்ந்தது. 1931இல், உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த வேளையில், சுண்டாப்புக்கு வேறொரு எண்ணம் தோன்றியது. எல்லோர்க்கும் மோட்டார் சைக்கிள் கொடுத்தவர் எல்லோர்க்கும் கார் கொடுத்தால் என்ன? அதற்கென ஒரு சிறு காரை வரைந்து தரும்படி பேர்டினாண்ட் போர்ஷே என்பவரிடம் கேட்டனர். அவர் வரைந்தபடி மூன்று மாதிரிக் கார்கள் செய்யப்பட்டன. அவற்றின் எஞ்சினில் ஐந்து சிலிண்டர்கள் சக்கரத்தின் ஆரங்களைப்போல் வட்டமாக அமைந்திருந்தன. அடுத்த ஆண்டிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் போர்ஷேயின் மனத்திலிருந்து அந்தக் கார் மறையவில்லை. பின்புறத்தில் எஞ்சினும் வளைந்த முதுகும் கொண்ட அதன் வடிவம், சில ஆண்டுகளுக்குப்பின் அவரே ஆக்கிய வோக்ஸ்வாகன் காரில் மீண்டும் தோன்றியது. கொழும்பு வீதிகளில் ஆமை ஊர்வதுபோல ஊர்ந்த அந்தக் காரின் முன்னோர்களுள் ஒன்று, மோட்டார் சைக்கிள் தொழிலகமொன்றின் நிறைவேறாத ஆசை என்பது பலர் அறியாத செய்தி.

1933இல் ரிச்சர்ட் கூஹென் என்னும் வடிவமைப்பாளரின் புதிய வரிசை வெளிவந்தது. குழாய்களை இணைத்துச் சட்டம் அமைப்பதற்குப் பதிலாக எஃகுத் தகட்டை அழுத்தி வார்த்த சட்டம், பெரிய வண்டிகளில் பின்சக்கரத்துக்குச் செயினுக்குப் பதிலாகச் சுழல்தண்டு, உச்சியில் நான்கு சிலிண்டர்கள் கொண்ட 800 சி.சி. வண்டி என அது ஓர் அரசவரிசைபோல விளங்கியது. இரவல் எஞ்சினில் தொடங்கிய தொழிலகம் பன்னிரண்டே ஆண்டுகளில் பிறர் பார்த்துக் கற்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டது. 1935இல் நொய்மையர் காலமானார். நிருவாகம் மகனிடம் சென்றது.

மீண்டும் யுத்தம்

பிறப்பிலேயே யுத்தத்தோடு கொண்ட உறவு சுண்டாப்பை எளிதில் விடவில்லை. 1940ஆம் ஆண்டளவில் ஜேர்மன் இராணுவத்துக்கென 750 சி.சி. வண்டி ஒன்று ஆக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு பெட்டியும் அதற்கொரு சக்கரமும் உண்டு. அந்தப் பக்கச் சக்கரத்தையும் எஞ்சினே சுழற்றும். பின்னோக்கிச் செல்லவும் கியர் உண்டு. ருஷ்யாவின் சேற்றிலும் வட ஆபிரிக்காவின் மணலிலும் அவ்வண்டிகள் ஓடின. ஏறத்தாழ 18,000 வண்டிகள் செய்யப்பட்டன.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்ததை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொட்டியாரக் குடாவின் கரையிலிருந்தவர்கள் வானம் கறுத்ததைக் கண்ட அந்த ஆண்டில், நூரெம்பேர்க்கின் தொழிலாளர் இராணுவ வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தனர். அக்காலத்து ஜேர்மன் தொழிற்சாலைகளில் அந்நிய நாட்டவர் இலட்சக்கணக்கில் கட்டாய வேலைக்கு நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. எல்லோர்க்கும் வாகனம் என்று தொடங்கிய தொழிற்றுறை, எல்லோர்க்கும் துன்பம் தந்த யுத்தத்துக்கு ஏவல் செய்தது. ஈற்றில் நூரெம்பேர்க் நகரமும் குண்டுவீச்சில் நொறுங்கியது; தொழிலகமும் அந்த அழிவுக்குத் தப்பவில்லை.

தையல் யந்திரமும் பச்சை யானையும்

அழிவின்பின் எழுதல் எவ்வளவு கடினமென்பதை ஈச்சிலம்பற்று மக்களுக்குப் பிறர் சொல்லவேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் 2006ஆம் ஆண்டின் இடப்பெயர்வையும் கண்ட ஊர் இது. திரும்பி வந்தவர்கள் முதலில் தேடியது பெரிய திட்டங்களையல்ல. கூரைக்கு ஒரு தகரம், உழவுக்கு ஒரு கருவி, ஓட ஒரு சைக்கிள். நூரெம்பேர்க்கிலும் அவ்வாறே நடந்தது. யுத்தம் முடிந்த பின் சுண்டாப் செய்த பொருள்களுள் தையல் யந்திரமும் ஒன்று. அன்றைய மக்களுக்கு வேண்டியதை அன்று செய்தார்கள்; பின்னரே மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள்.

1951ஆம் ஆண்டளவில் 600 சி.சி. வண்டி ஒன்று வந்தது. அதன் நிறமும் வலிமையும் பற்றி மக்கள் அதனைப் ‘பச்சை யானை’ என்று அழைத்தனர். அவ்வண்டியை வைத்திருந்தோர் 1956இல் தொடங்கிய குளிர்காலச் சந்திப்பு ‘யானைகளின் கூட்டம்’ என்னும் பெயரோடு இன்றும் ஜேர்மனியில் நடைபெறுகிறது. வண்டி நின்று பல காலமாகியும் கூட்டம் நிற்கவில்லை. காட்டு யானையின் வரவுக்கு அஞ்சி இரவில் விழித்திருக்கும் நமக்கு இந்த யானைக் கூட்டம் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம்.

1953இல் பெல்லா என்னும் ஸ்கூட்டர் வெளிவந்து, ஏறத்தாழ 130,000 வரை விற்றது. இந்த வெற்றிகளின் துணிவில் பழைய கார்க்கனவு மீண்டும் தலைதூக்கியது. 1957 நடுப்பகுதியில் சுண்டாப் ஒரு காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முன்னும் பின்னும் இரு முகங்களை உடைய ரோமாபுரித் தெய்வமாகிய யானுஸ் என்பதே அதன் பெயர். காரின் முன்புறத்தில் ஒரு கதவு, பின்புறத்தில் ஒரு கதவு. முன் இருக்கையில் இருப்பவர் முன்னே பார்க்க, பின் இருக்கையில் இருப்பவர் பின்னே பார்த்தபடி பயணஞ் செய்வர். இருவர் முதுகுக்கும் இடையே 250 சி.சி. எஞ்சின். கருத்து புதுமையானதே. ஆயினும் கடந்து போன வீதியையே பார்த்துக்கொண்டு பயணஞ் செய்ய மக்கள் அத்துணை விரும்பவில்லை. இன்னுஞ் சிறிது பணம் சேர்த்தால் வோக்ஸ்வாகனே வாங்கிவிடலாம் என்று எண்ணினர். 1958இல் உற்பத்தி நின்றது. செய்யப்பட்டவை ஏறத்தாழ 6,900 கார்கள். போர்ஷேயின் காரைக் கைவிட்ட நிறுவனம், கால் நூற்றாண்டுக்குப்பின் அதே போர்ஷேயின் காருக்குத் தோற்றது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

அதே காலத்தில் நூரெம்பேர்க் தொழிலகத்தை விற்றுவிட்டு, சுண்டாப் முழுவதுமாக மியூனிச் நகருக்குப் பெயர்ந்தது. இனிச் சிறிய வண்டிகளே தன் வழி என்று முடிவுசெய்தது. பதினாறு வயது இளைஞர் ஓட்டத்தக்க 50 சி.சி. வண்டிகள் அதன் பெயரை நாடெங்கும் பரப்பின. ஜேர்மானியத் தலைமுறை ஒன்றுக்கு முதல் வண்டி, முதல் சுதந்திரம் எல்லாம் சுண்டாப்தான்.

வீழ்ச்சி

எழுபதுகளின் பின் நிலை மாறியது. வேகமான 50 சி.சி. வண்டிகளுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1980இல் சாரதி அனுமதிப்பத்திரச் சட்டம் திருத்தப்பட்டு, 80 சி.சி. வண்டிகளுக்கெனப் புதிய வகுப்பு ஒன்று வகுக்கப்பட்டது. நேற்றுவரை விற்ற வண்டி ஒரே நாளில் பழசாயிற்று. சுண்டாப்பும் நீராற் குளிரூட்டப்படும் சிறந்த புதிய வண்டிகளைச் செய்தது. ஆனால் யப்பானியர் அவ்வகுப்புக்கு மலிவான வண்டிகளோடு வந்தனர். இளைஞர் தொகை குறைந்தது, சந்தை சுருங்கியது. 1984இல் சுண்டாப் முறிந்தது.

அதன் உற்பத்தி யந்திரங்களும் உரிமைகளும் சீனாவின் தியென்சின் நகரத்து நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டன. மியூனிச்சில் கழற்றப்பட்டவை சீனாவில் பூட்டப்பட்டன. 1987 முதல் தொண்ணூறுகளின் தொடக்கம்வரை அங்கே சிறிய வண்டிகள் செய்யப்பட்டன. பின்னர் அதுவும் நின்றது. ஆயினும் சீனருக்கு முன்பே சுண்டாப்பின் வடிவங்கள் இன்னொரு நாட்டுக்குச் சென்றிருந்தன. அதுவே நம் மொழி பேசும் நாடு.

இராணிப்பேட்டை

1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் றெடிச் நகரத்து றோயல் என்பீல்ட் நிறுவனமும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்பீல்ட் இந்தியா என்னும் நிறுவனத்தை அமைத்தன. இந்திய இராணுவத்துக்கு வேண்டிய 350 சி.சி. புல்லட் வண்டியைச் செய்வதே முதல் நோக்கம். இங்கிலாந்திலிருந்து உறுப்புக்களை வரவழைத்துத் திருவொற்றியூரில் பூட்டுவதில் தொடங்கி, 1962ஆம் ஆண்டளவில் எல்லா உறுப்புக்களையும் இந்தியாவிலேயே செய்யும் நிலைக்கு வந்தார்கள். 1967இல் றெடிச் தொழிலகம் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்நிறுவனமே முடிந்தது. தாய் மறைந்தபின் சேய் சென்னையில் வாழ்ந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அச்சேய்க்கு ஒரு கவலை. புல்லட் கனமான வண்டி. பெற்றோல் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. மக்கள் சிறிய வண்டிகளைத் தேடினர். எனவே சுண்டாப்பின் தொழில்நுட்பத்தைப் பெற்று, தோற்பதனிடும் தொழிலுக்குப் பேர்போன இராணிப்பேட்டையில் தனியே ஒரு தொழிலகத்தை நிறுவினார்கள். காலை உயர்த்தாது ஏறத்தக்க சில்வர் பிளஸ், மூன்று கியர்கள் கொண்ட எக்ஸ்புளோரர் என்னும் 50 சி.சி. வண்டிகள் இரண்டு அங்கிருந்து வெளிவந்தன. சில ஆண்டுகளின் பின் சுண்டாப்பின் 175 சி.சி. வகை வண்டி, பியூரி என்னும் பெயர் பூண்டு வந்தது. ஜேர்மனியில் நீராற் குளிர்ந்த அந்த எஞ்சின் இங்கே காற்றாற் குளிர்ந்தது. ஏனையவற்றில் அது காலத்தை முந்திய வண்டி. ஐந்து கியர்கள், முன்சக்கரத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தட்டு பிரேக், உட்குழாய் இன்றிக் கடினமான குரோமியம் பூசப்பட்ட சிலிண்டர். இந்திய மோட்டார் சைக்கிளில் இம்மூன்றும் அன்று புதியவை.

அந்தக் குரோமியச் சிலிண்டர்தான் நம் வினாவுக்கு விடை தருகிறது.

சாதாரண வண்டியின் சிலிண்டர் உட்புறம் இரும்பால் ஆனது. பிஸ்டன் பல்லாயிரம் நாழிகை மேலுங்கீழும் ஓடும்போது அந்தச் சுவர் தேய்ந்து வட்டம் கெடுகிறது. புகை மிகுகிறது, இழுவை குறைகிறது. அப்போது சிலிண்டரைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். உட்சுவரை மயிரிழையளவு குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற சற்றே பெரிய பிஸ்டனையும் வளையங்களையும் போடுவார்கள். கராஜில் இதைப் போர் பண்ணுவது என்பர். இப்படி ஒரே சிலிண்டரைச் சில முறை புதுப்பிக்கலாம். அதன்பின் உட்குழாயை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். குறைந்த செலவில் ஒரு வண்டிக்குப் பல பிறவிகள்.

குரோமியம் பூசிய சிலிண்டரில் இது நடவாது. அலுமினியச் சுவரின்மேல் பூசிய மெல்லிய படலம் அது. அது இரும்பைவிடக் கடினம், வெப்பத்தை விரைவில் வெளியேற்றும், நெடுங்காலம் தேயாது. நுட்பத்தில் அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒயில் குறைந்தோ மணல் புகுந்தோ ஒருமுறை கீறல் விழுந்துவிட்டால், குடைந்து சீர்செய்ய வழியில்லை. குடைந்தால் படலமே போய்விடும். சிலிண்டர் முழுவதையும் மாற்றவேண்டும். மியூனிச்சில் அது பெரிய காரியமன்று. புதிய சிலிண்டரைக் கடையில் வாங்கலாம். தொழிலகத்திலிருந்து தொலைவில், ஒரு கடைசல் பட்டறையும் ஒரு ஸ்பானர் பெட்டியும் மட்டுமே உள்ள ஊரில், அது வண்டியின் மரணம்.

இராணிப்பேட்டை முயற்சி நிலைக்காமைக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் யப்பானிய நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளோடு சேர்ந்து 100 சி.சி. வண்டிகளைக் கொணர்ந்தன. ஓசூரில் சுசுக்கி, வடக்கே யமஹாவும் ஹொண்டாவும். ஹொண்டாவின் நாலடிப்பு வண்டி பெற்றோலைச் சிக்கனமாகக் குடித்தது; யமஹாவின் ஆர்.எக்ஸ். 100 வேகத்தால் இளைஞரைக் கவர்ந்தது. மியூனிச்சில் சுண்டாப்பை வீழ்த்திய போட்டி, இராணிப்பேட்டையிலும் அதன் வழித்தோன்றல்களைச் சந்தித்தது. தாய்த் தொழிலகம் 1984இலேயே மறைந்ததால், புதிய வடிவங்களும் திருத்தங்களும் அங்கிருந்து வருவதற்கு இல்லை. தொண்ணூறுகளில் அந்தச் சிறு வண்டிகளின் கதை முடிந்தது.

அதே நிறுவனத்தின் பழைய புல்லட்டோ முடியவில்லை. கனமானது, மெதுவானது, ஒயில் கசிவது என்று பலரும் குறை கூறிய வண்டி. ஆயினும் இரும்புச் சிலிண்டரும் எவரும் கழற்றிப் பூட்டத்தக்க அமைப்பும் அதற்குண்டு. அதன் உறுப்பைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் இந்தியாவெங்கும் தோன்றின. இங்கிலாந்தின் நிறுவனம் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின்னும் அது ஓடுகிறது. காலத்தை முந்தி வந்த பியூரி காட்சிப்பொருளாயிற்று. காலத்தின் பின் நின்ற புல்லட் காலத்தையே வென்றது.

இரவலும் கல்வியும்

பிறர் செய்த யந்திரத்தை வாங்கிப் பழகுவது இழிவன்று. சுண்டாப்பே இங்கிலாந்தின் எஞ்சினைத் தழுவித் தொடங்கியது. இன்னொரு ஜேர்மன் நிறுவனமாகிய டி.கே.டபிள்யூ. செய்த 125 சி.சி. வண்டியின் கதையும் இதற்குச் சான்று. இரண்டாம் யுத்தத்தில் ஜேர்மனி தோற்றபின், அவ்வண்டியின் வடிவம் வென்றவர்களின் கைக்குப் போயிற்று. அதைத் தழுவி இங்கிலாந்தில் 1948இல் பி.எஸ்.ஏ. பன்டம் பிறந்தது, அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் ருஷ்யாவில் அரசாங்கத் தொழிலகமும் அவ்வாறே செய்தன. 1955இல், அதுவரை வாத்தியக் கருவிகள் செய்துவந்த யமஹா, அதே வடிவத்தைப் பின்பற்றித் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அவ்வாண்டே பூஜி மலையேற்றப் போட்டியில் வென்றது.

எல்லோரும் ஒரே வண்டியைப் பார்த்து எழுதினார்கள். எழுதியதோடு நின்றவர் உண்டு. எழுதும்போதே ஏன் இப்படி என்று கேட்டவரும் உண்டு. பன்டம் பல்லாண்டு நன்றாக ஓடியது, ஆனால் பி.எஸ்.ஏ. அதற்கு அப்பால் அதிகம் போகவில்லை. யமஹாவோ ஒவ்வோர் உறுப்பையும் வினவி, மாற்றி, முப்பது ஆண்டுகளில் ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளை உலகெங்கும் அனுப்பியது. வகுப்பறையில் விடையைப் பார்த்தெழுதும் மாணவனும், விடை வந்த வழியைத் தேடும் மாணவனும் முதல் நாள் பெறும் புள்ளி ஒன்றாக இருக்கலாம். ஆண்டிறுதியில் வேறுபாடு தெரியும். ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் கராஜும் நம் பள்ளிக்கூடமும்

இனி ஈச்சிலம்பற்றுக்குத் திரும்புவோம். இங்கு ஓடும் வண்டிகளை நாம் செய்யவில்லை. சுண்டாப்போ யமஹாவோ நம் ஊரில் எழப்போவதாகக் கனவு காணவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்தாண்டு இறக்குமதித் தடையின்போது நம் வண்டிகளைக் காத்தது, தேய்ந்ததைக் குடைந்து பொருத்தும் அறிவு. பழைய வண்டியின் கார்பரேற்றரைக் கழற்றிப் பெற்றோலிற் கழுவி, ஊதிப் பார்த்து, மீண்டும் பூட்டும் அறிவு. அதற்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் அது அறிவு.

அந்த அறிவுக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் கார்பரேற்றர் மறைந்து, மின்னணுவால் பெற்றோலைச் செலுத்தும் முறை வந்துவிட்டது. காற்று தூய்மையாகிறது, பெற்றோல் மிச்சமாகிறது. இரண்டும் நல்லவையே, பழைய ஈரடிப்பு எஞ்சினின் புகையை யாரும் திரும்ப விரும்பவில்லை. ஆனால் அவ்வண்டி நின்றுவிட்டால் நோயறிவதற்குத் தனிக் கருவி வேண்டும். அக்கருவியும் அதைப் படிக்கும் கல்வியும் நகரத்து விற்பனை நிலையத்தில் மட்டுமே இருக்குமானால், வெருகற்கரையில் நின்ற வண்டியை ஏற்றிச் செல்ல இன்னொரு வாகனம் வேண்டும். பாலங்கள் வந்து குறைத்த தூரம் வேறு வழியால் மீண்டும் வந்துவிடும். பியூரியின் குரோமியச் சிலிண்டர் புதிய உருவத்தில் நம் வாசலுக்கு வந்திருக்கிறது என்பதே பொருள்.

இதற்கு மருந்து பழமைக்குத் திரும்புவதன்று, கற்பதுதான். 2013 முதல் நம் நாட்டு உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. அப்பிரிவின் மாணவன் புத்தகத்தில் எஞ்சினின் குறுக்குவெட்டு முகத்தை வரைகிறான். அவன் வீட்டிலிருந்து சில நூறு யார் தொலைவிலுள்ள கராஜில் அதே எஞ்சின் உண்மையாகத் திறந்து கிடக்கிறது. வரைபவனுக்குக் கையில் ஒயில் படுவதில்லை. திறப்பவருக்குப் படத்தைப் படிக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. இவ்விருவரையும் வாரத்தில் ஒருநாள் ஒரே மரநிழலில் அமர்த்துவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரின் மனம் போதும். மாணவன் மின்னணுக் கருவி காட்டும் எண்களைப் படித்துச் சொல்லட்டும். கராஜ்காரர் எஞ்சினின் ஓசையைக் கேட்டு நோய் சொல்லட்டும். இருவரும் கற்றதை எளிய தமிழில் எழுதி வைக்கட்டும். பிஸ்டன் என்றாலும் முசலம் என்றாலும் குற்றமில்லை, எழுதினால் போதும். வண்டி வாங்குவோரும் விலையையும் வேகத்தையும் மட்டும் கேளாமல், இதன் உறுப்புக்கள் எங்கே கிடைக்கும், இதை யார் திறப்பார்கள் என்று கடைக்காரரைக் கேட்கப் பழகவேண்டும். கேட்பவர் பலரானால் விற்பவரும் விடை தேடுவார்.

சுண்டாப் அறுபத்தேழு ஆண்டு வாழ்ந்து மறைந்தது. தீமூட்டி செய்யப் பிறந்தது, எல்லோர்க்கும் வண்டி செய்தது, இராணுவத்துக்கு வண்டி செய்தது, தையல் யந்திரம் செய்தது, இரு முகக் காரைச் செய்து நட்டப்பட்டது, இறுதியில் தன் கருவிகளையே விற்றது. அதன் பழைய வண்டிகளோ ஜேர்மனியின் வீடுகளில் இன்றும் புகைவிட்டு ஓடுகின்றன. தொழிலகம் முறிந்தபின் அவற்றை ஓட்டுவது தொழிலகமன்று. மாலை வேளையில் கொட்டகையைத் திறந்து, விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, திருகாணியைக் கழற்றும் சாதாரண மனிதரின் கை. அத்தகைய கைகள் நம் ஊரிலும் இருக்கின்றன. அவற்றுக்குக் கல்வியைச் சேர்த்துவிட்டால், ஈச்சிலம்பற்றுக்கு வந்து சேரும் எந்த வண்டியும், அதைச் செய்தவர் இருந்தாலும் மறைந்தாலும், நடுவழியில் நின்றுவிடாது.